செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரை தினமும் ஓட்ட முடியுமா? நாகலாபுரம் ரோட்டில் ஒரு கணக்கு

பத்து லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது, அல்லது லோன் கிடைக்கும் என்று வங்கி சொல்லிவிட்டது. புது ஹேட்ச்பேக் ஒன்று வாங்கலாம். அதே காசுக்கு ஏழெட்டு வருடம் ஓடிய, ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிற ஒரு காரும் வாங்கலாம். "வாழ்க்கையில் ஒரு தடவைதானே பாஸ்" என்று மனம் சொல்லும். "மழைக்காலத்தில் என்ன பண்ணுவே?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. வார இறுதிக்கு மட்டும் ஒரு கார், வேலைக்குப் போக இன்னொரு கார் என்று வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. உங்களிடம் இருக்கப் போவது ஒரே கார். அது வெயிலிலும் மழையிலும் வருடம் முழுக்க ஓட வேண்டும், அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படி என்றால் மேலே படியுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஊரை வைத்துக்கொள்வோம்: நாகலாபுரம். மலையேற்றத்துக்கும் வேதநாராயண சுவாமி கோயிலுக்கும் சென்னைவாசிகள் சனி, ஞாயிறுகளில் போகிற அதே ஊர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஒரு பக்கம் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை தாண்டி சென்னை; இன்னொரு பக்கம் பிச்சாட்டூர், புத்தூர் தாண்டி திருப்பதி; சத்தியவேடு வழியாகப் போனால் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. மாநில எல்லை, கிராமத்து வேகத்தடை, வடகிழக்குப் பருவமழை, மே மாத வெயில் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சோதிக்கத் தேவையான எல்லாமே இந்த ஒரு ரோட்டில் இருக்கிறது. இங்கே தேறுகிற கார் கோவையிலும் மதுரையிலும் தேறும்.

ஏன் இப்போது இந்த ஆசை?

சென்னைக்கு ரேஸ் புதிதில்லை. செங்குன்றத்தைத் தாண்டியுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆசை வர இவ்வளவு காரணம் போதும்.

இன்னொரு பக்கம், புது ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு எட்டுவதில்லை. 2025-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஷோரூம் விலை 53 லட்சம். அதே ஆண்டு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சம், அதுவும் 100 கார்கள்தான். எனவே செகண்ட் ஹேண்ட் பக்கம் கண் போவது இயல்பு.

நம் மார்க்கெட்டில் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் எது?

தினசரி ஓட்டம் என்ற கண்ணோட்டத்தில் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

• சூடான ஹேட்ச்பேக்: ஃபியட் அபார்த் புன்டோ (2015-ல் வந்தது, அப்போது 9.95 லட்சம், 145 குதிரைசக்தி), ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஹூண்டாய் ஐ20 என் லைன் (2021 முதல், 120 பிஎஸ்).

• வேகமான செடான்: ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 (2017), ஆர்எஸ் 245 (2020; இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டும்).

• சின்ன, விலையுயர்ந்த ரகம்: போலோ ஜிடிஐ (2016, மூன்று கதவு, 192 பிஎஸ்), மினி கூப்பர் எஸ்.

• அசல் ஸ்போர்ட்ஸ் கார்: பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர், கேமன், ஃபோர்டு மஸ்டாங்.

கடைசி வகையில் பெரும்பாலானவை இரண்டு பேருக்கான கார்கள். பின்சீட் இருப்பவற்றிலும் அது பேருக்குத்தான். ஒரே கார் என்றால் இந்த இடத்திலேயே அந்த வகையைத் தள்ளி வைத்துவிடலாம். போலோ ஜிடிஐ-யும் யோசிக்க வேண்டியதே. மூன்று கதவு கார் என்பதால் ஒவ்வொரு தடவையும் முன்சீட்டை மடித்துத்தான் அம்மா பின்னால் ஏற வேண்டும். முதல் வாரம் சிரிப்பார்கள், மூன்றாவது வாரம் ஆட்டோ கூப்பிடச் சொல்வார்கள்.

முதல் பரீட்சை: வேகத்தடை

"தரை தட்டுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. இதற்குப் பதில் காரில் பாதி, ரோட்டில் பாதி.

இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைந்திருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடப்பதற்கான வடிவம் இது.

இப்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.5 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு காரை அதன் மேல் ஏற்றுங்கள். நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். நடுவில் மேடு எவ்வளவு எழும்பும்? இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் விடை: 6.25 வகுத்தல் 136. வெறும் 4.6 செ.மீ.! 2.7 மீட்டர் இடைவெளியுள்ள பெரிய காருக்கும் 5.4 செ.மீ.தான். அதாவது, விதிப்படி கட்டிய வேகத்தடையில் எந்த ஸ்போர்ட்ஸ் காரின் வயிறும் தட்டாது.

சரி, அப்புறம் ஏன் தட்டுகிறது? ஊருக்குள் இருப்பவை விதிப்படி கட்டியவை அல்ல. ஒரு அடி அகலத்தில், 15 செ.மீ. உயரத்தில் சிமென்டைக் குவித்து வைத்திருந்தால் முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவில் முழு 15 செ.மீ.யும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். சாதாரண ஹேட்ச்பேக்குகளின் தரை இடைவெளி 165 மி.மீ. அளவில் இருக்கும். அபார்த் புன்டோவுக்கு 155. மஸ்டாங்குக்கு 140-க்கும் கீழே. இவையெல்லாம் காலி காரின் அளவு. நாலு பேர், பூட்டில் பை என்று ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி இன்னும் சில செ.மீ. போய்விடும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, டெஸ்ட் டிரைவுக்கு நாலு பேரோடு போங்கள். உங்கள் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் உள்ள மிக மோசமான வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில். இரண்டு, 'லோயரிங் ஸ்பிரிங்' போட்டுத் தாழ்த்தப்பட்ட காரைத் தொடாதீர்கள்.

டயரும் இதே கதைதான். டயரின் பக்கவாட்டில் 225/40 ஆர்18 என்று எழுதியிருந்தால், சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் இடையில் இருக்கும் ரப்பரின் உயரம் 225-ல் 40 சதவீதம், அதாவது 90 மி.மீ. 195/55 ஆர்16 என்றால் 107 மி.மீ. இந்த 17 மி.மீ. வித்தியாசம்தான் பள்ளத்தில் இறங்கும்போது அலாய் வீல் வளையுமா, தப்பிக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 18 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு. தினமும் ஓட்ட 16 அங்குலம்தான் நிம்மதி.

இரண்டாவது பரீட்சை: மழை

பிச்சாட்டூர் ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் ஆரணியாற்றில் வெள்ளம் வரும். ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கி போக்குவரத்து நின்ற ஆண்டுகள் உண்டு. 2021 நவம்பரில் திருப்பதியிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் கார்கள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

தாழ்வான காரில் தண்ணீருக்குள் போகும்போது இரண்டு ஆபத்துகள். ஓடும் தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே சிறிய காரின் பிடி தளர்ந்துவிடும். அடுத்தது, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய் தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இதைத்தான் மெக்கானிக் "ஹைட்ரோ லாக்" என்பார். நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் இன்ஜினைக் கொல்கிறது. நின்றால் சாவியைத் தொடாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

சாதாரண முழு இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் வேண்டும். பழைய காருக்கு அந்தக் கவரை எல்லா நிறுவனமும் கொடுக்காது; கார் வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மழையின் இன்னொரு பக்கம், வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் சில மாதம் கழித்துப் பளபளவென்று விற்பனைக்கு வருவது. கண்டுபிடிக்க மூன்று எளிய வழிகள்:

• சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா?

• முன்சீட்டை நகர்த்தி அடியில் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். வெயிலில் வாழ்ந்த காரின் சீட் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை.

• ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் விரலால் தடவுங்கள். மண் படிவம் தெரியும்.

மூன்றாவது பரீட்சை: வெயிலும் கியர்பாக்ஸும்

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது டிஎஸ்ஜி, இந்த வகை கார்களின் உயிர். அதில் இரண்டு ரகம் உண்டு என்பது வாங்குபவர்கள் பலருக்குத் தெரியாது.

'உலர் கிளட்ச்' ரகத்தில் கிளட்ச் தட்டுகளைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. போலோ ஜிடி டிஎஸ்ஐ, போலோ ஜிடிஐ இரண்டிலும் இந்த 7 கியர் பெட்டிதான். 40 டிகிரி வெயிலில், செங்குன்றம் டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகரும்போது தட்டுகள் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசிச் சூடாகும். கியர் மாற்றும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதியான 'மெக்கட்ரானிக்ஸ்' இந்தப் பெட்டியின் பிரபலமான பலவீனம். சீனாவில் 2013-ல் டிஎஸ்ஜி கோளாறுக்காக ஃபோக்ஸ்வேகன் 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

'ஈர கிளட்ச்' ரகம் எண்ணெயில் மூழ்கியிருக்கும், சூட்டைத் தாங்கும். ஆக்டேவியா விஆர்எஸ்-இல் இருப்பது இது. ஆனால் குறித்த கிலோமீட்டரில் கியர் எண்ணெய் மாற்றியாக வேண்டும். அதற்கான பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் கியரில் இந்தக் கவலை எதுவும் இல்லை. அபார்த் புன்டோ மேனுவல்தான். ஆனால் அதற்கு வேறு தலைவலி. ஃபியட் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டும் 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, போலோ 2022-ல் நின்றது. நின்றுபோன மாடலின் சாதாரண உதிரிகள் கிடைக்கும். அந்த மாடலுக்கே உரிய பம்பர், ஹெட்லைட், டர்போ போன்றவை வாரக் கணக்கில் காக்க வைக்கும். ஒரே கார் வைத்திருப்பவருக்கு அந்த வாரங்களில் பஸ்தான்.

பெட்ரோல்: எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் குழாய்களும் ரப்பர் பாகங்களும் இதற்கு ஏற்றவை. நீங்கள் பார்க்கும் 2015, 2017 மாடல்கள் அப்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. பெட்ரோல் குழாய், ரப்பர் சீல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வதையும், வயதானால் மாற்றுவதையும் சர்வீஸ் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ இன்ஜின்களுக்கு ஆக்டேன் எண் முக்கியம். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 என்று எழுதியிருந்தால் அதற்குக் குறையாதீர்கள். 100 ஆக்டேன் ஆசை வேண்டாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தியபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்.

நாகலாபுரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2025 நிலவரப்படி ஆந்திராவில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 109 ரூபாயை ஒட்டியும், சென்னையில் 101 ரூபாயை ஒட்டியும் இருக்கிறது. எல்லையைத் தாண்டி ஊத்துக்கோட்டையில் நிரப்பினால் லிட்டருக்கு ஏறக்குறைய 8 ரூபாய் மிச்சம். தினசரி ஓட்டத்தில் இது சில்லறை விஷயமே இல்லை.

மாதம் எவ்வளவு ஆகும்?

இதோ கணக்கு. கீழே உள்ளவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அனுமானங்கள். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்வர தினம் 80 கி.மீ., மாதம் 24 நாள், கூடவே வார இறுதி ஓட்டம்: வருடம் 25,000 கி.மீ. பெட்ரோல் 101 ரூபாய். இரண்டு காரும் 10 லட்சம், முழுத் தொகைக்கும் 13 சதவீத வட்டியில் 5 வருட லோன்.

கார் 'அ': 2 லிட்டர் டர்போ, லிட்டருக்கு 10 கி.மீ., 18 அங்குல டயர்
• பெட்ரோல்: 2,52,500
• டயர் (30,000 கி.மீ.க்கு ஒரு செட், 64,000 ரூபாய்): 53,300
• சர்வீஸ், ரிப்பேர்: 1,00,000
• இன்சூரன்ஸ்: 45,000
• மொத்தம் வருடத்துக்கு: 4,50,800

கார் 'ஆ': 1 முதல் 1.5 லிட்டர் டர்போ, லிட்டருக்கு 15 கி.மீ., 16 அங்குல டயர்
• பெட்ரோல்: 1,68,300
• டயர் (40,000 கி.மீ.க்கு ஒரு செட், 32,000 ரூபாய்): 20,000
• சர்வீஸ், ரிப்பேர்: 35,000
• இன்சூரன்ஸ்: 30,000
• மொத்தம் வருடத்துக்கு: 2,53,300

இதன் மேல் இரண்டுக்கும் மாதத் தவணை சுமார் 22,750 ரூபாய். ஆக, 'அ' மாதம் 60,300 ரூபாயை விழுங்கும், 'ஆ' 43,900. வாங்கும் விலை ஒன்றுதான், ஆனால் வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் வித்தியாசம். ஐந்து வருடத்தில் இன்னொரு காரின் விலை.

காரின் விலை குறைந்திருக்கிறது, ஆனால் அது புதிதாக இருந்தபோது எந்த ரகக் காரோ அந்த ரகத்தின் பராமரிப்புச் செலவு அப்படியேதான் இருக்கும். 30 லட்சத்து காரை 10 லட்சத்துக்கு வாங்கினாலும் பிரேக் டிஸ்க் 30 லட்சத்து காரின் பிரேக் டிஸ்க்தான். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரில் பலர் சறுக்குவது இந்த ஒரு இடத்தில்.

பேப்பர் வேலை: எல்லையோர ஊரின் சிக்கல்

நாகலாபுரத்தில் வீடு, சென்னையில் கார் பார்க்கிறீர்கள் என்றால் மாநிலம் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி (படிவம் 28), உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30, லோன் இருந்தால் அது முடிந்ததற்குப் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். புது மாநிலத்தில் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டியிருக்கும். பழைய மாநிலத்தில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு நடக்க வேண்டும். விலை பேசும் முன்பே இந்த வரித் தொகையைக் கேட்டு, காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

• டெல்லி கார்கள்: தலைநகர்ப் பகுதியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார்களுக்கான தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் வைத்து உரிமையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று சொன்னது. இந்தக் குழப்பத்தால் அங்கிருந்து விலை குறைந்த கார்கள் தெற்கே வருகின்றன. என்ஓசி கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

• புதுச்சேரி பதிவு: அங்கே வரி குறைவு என்பதற்காகப் போலி முகவரியில் பதிந்த சொகுசு கார்கள் தொடர்பாக 2017-ல் கேரளத்தில் பெரிய சர்ச்சையும் வழக்குகளும் எழுந்தன. அந்த ரகக் காரை நீங்கள் வாங்கினால் தலைவலியும் சேர்ந்தே வரும்.

• இறக்குமதி கார்: 2025 செப்டம்பரில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சோதனை நடத்தி, பூட்டான் வழியாக வரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கும் கார்களைப் பறிமுதல் செய்தது. முழுதாக இறக்குமதியான கார் என்றால் சுங்க ஆவணம் கேளுங்கள். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க, உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய் என்றால் இறக்குமதிக் காருக்கு 40,000.

• மாற்றியமைத்த கார்: சத்தமான எக்ஸாஸ்ட் போன்ற மாற்றங்களுக்கு 52-வது பிரிவு இடம் தராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அபராதம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரி முதல் பழைய கார் விற்பனைக்கு 18 சதவீதம் என்றதும் பலர் பதறினார்கள். அது டீலரின் லாபத்தின் மேல் மட்டும்தான். 9 லட்சத்துக்கு வாங்கி 10 லட்சத்துக்கு விற்றால் வரி 18,000 ரூபாய், 1.8 லட்சம் கிடையாது. தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் ஜிஎஸ்டியே இல்லை.

இன்சூரன்ஸில், விற்பவரின் 'நோ க்ளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது, அது அவருடையது. 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். 1,500 சிசியைத் தாண்டினால் மூன்றாம் நபர் பிரீமியம் 3,416-லிருந்து 7,897 ரூபாயாக ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

• இன்ஜின் சூடாவதற்கு முன் போய்ச் சேருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் புகையும் செயின் சத்தமும் தெரியும்.

• ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அழித்துவிட்ட பிழைக் குறியீடு 30 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி வருகிறதா பாருங்கள்.

• நான்கு டயரின் தேதியும் பாருங்கள். '2319' என்றால் 2019-ன் 23-வது வாரம். ஒரே அச்சில் இரண்டு பிராண்டு டயர் என்றால் முன்பு வைத்திருந்தவர் செலவுக்கு யோசித்தவர்.

• பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, லோன், அபராத பாக்கி, எத்தனையாவது உரிமையாளர் என்று சரிபாருங்கள்.

• அதே பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போடுங்கள். "கியர்பாக்ஸ் வேலை இங்கேயே பார்ப்பீர்களா, சென்னைக்கு அனுப்புவீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும்.

வேகத்தை எங்கே காட்டுவது?

2018-ன் மத்திய அறிவிக்கைப்படி காருக்கு அதிகபட்ச வேகம் நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் 100, விரைவுச்சாலையில் 120, மற்ற சாலைகளில் 70. மாநிலங்கள் இதைக் குறைக்கவும் செய்யலாம். ஊத்துக்கோட்டை - நாகலாபுரம் - புத்தூர் போன்ற சாலையில் நீங்கள் 120 பிஎஸ் வைத்திருந்தாலும் 230 பிஎஸ் வைத்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான். திருமலை மலைப்பாதையில் அடுத்த படி: குறித்த நேரத்தைவிடச் சீக்கிரம் வந்து சேர்ந்தாலே கேள்வி கேட்பார்கள்.

தினசரி ஓட்டத்தில் உண்மையில் கிடைக்கிற சந்தோஷம் உச்ச வேகத்தில் இல்லை. ஸ்டியரிங் சொன்னபடி கேட்பது, லாரியைத் தாண்டும்போது நம்பி மிதிக்க முடிவது, பிரேக் பிடித்த இடத்தில் நிற்பது ஆகியவைதான் அது. அதற்கு 150 குதிரைசக்தியே தாராளம்.

அப்படின்னா வாங்கலாமா?

மூன்று நிபந்தனையும் பொருந்தினால் வாங்கலாம். ஒன்று, மாதத் தவணை போக, காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ரிப்பேருக்கென்று தனியாக வங்கியில் இருக்க வேண்டும். 10 லட்சம் காருக்கு 2 லட்சம். இரண்டு, கார் ஒரு வாரம் வொர்க்‌ஷாப்பில் நின்றாலும் வேலைக்குப் போக மாற்று வழி வேண்டும். வீட்டில் ஒரு பைக் இருந்தால் போதும். மூன்று, வீட்டில் உள்ள எல்லோரும் பின்சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்து ஓகே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றும் பொருந்தினால், நான்கு கதவு, ஈர கிளட்ச் அல்லது மேனுவல் கியர், கம்பெனி விட்ட உயரத்திலேயே இருக்கும் சஸ்பென்ஷன், முழு சர்வீஸ் பில் என்ற வரிசையில் தேடுங்கள். நல்ல ஆவணங்களோடு வரும் ஆக்டேவியா விஆர்எஸ் இதில் முதலில் நிற்கும்.

இரண்டுதான் பொருந்துகிறதா? 2021-க்குப் பிறகான ஐ20 என் லைன், 150 பிஎஸ் கொண்ட ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, 160 பிஎஸ் கொண்ட ஹூண்டாய் வெர்னா டர்போ ஆகியவற்றை செகண்ட் ஹேண்டில் பாருங்கள். விர்டஸின் தரை இடைவெளி 179 மி.மீ.; பெரும்பாலான ஊர் வேகத்தடைகளுக்குப் பயப்பட வேண்டாம். ஆட்டோமேட்டிக் விர்டஸில் உலர் கிளட்ச் என்பதால் மேனுவலைத் தேடுங்கள். உதிரி கிடைக்கும், சிலவற்றில் வாரண்டி கூட மிச்சம் இருக்கும். 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்தான்.

ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் இந்த வருடம் வேண்டாம். அதே 22,750 ரூபாயை மாதா மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் 2,73,000 சேரும். சிரமப்படாமல் சேர்ந்தால் தவணை கட்டும் சக்தி உங்களுக்கு இருக்கிறது, ரிப்பேர் நிதியும் கையில் வந்துவிட்டது. நடுவில் மூன்று மாதம் எடுத்துச் செலவழிக்க வேண்டி வந்தால், அந்தக் கார் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்பது காசு போகாமலே தெரிந்துவிடும்.